எம்.எல்.ஏ. அலுவலகத் திண்ணை: கொங்குத் தொகுதிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் தொகுதி அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கேட்பதையும், புதிதாக அந்த அலுவலகத்தில் உட்காருகிற பையன்கள் கேட்பதையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சிவன்மலை ஆண்டவர் உத்தரவுப் பெட்டியில் (பக்தர் கனவில் வந்த பொருளைக் கோயிலில் வைக்கும் பெட்டி) அடுத்து எந்தப் பொருள் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொடுத்த மனு எந்த மேசையில் கிடக்கிறது என்பது அப்படியல்ல. கேட்டால் தெரிந்துவிடும்.

எம்.எல்.ஏ. நினைத்தால் எங்க ஊர் ரோட்டைப் போட்டுவிட முடியாதுங்களா?

முடியாது. சட்டமன்ற உறுப்பினருக்கு நிர்வாக அதிகாரம் கிடையாது. தாசில்தாருக்கோ பி.டி.ஓ.வுக்கோ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அவர் உத்தரவு போட முடியாது, ஒரு கிராம நிர்வாக அலுவலரைக்கூட மாற்ற முடியாது. சட்டப்படி அவர் கைக்குள் இருப்பவை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று சட்டமன்றத்தில் பேச்சும் ஓட்டும். மற்றொன்று தொகுதி மேம்பாட்டு நிதியில் என்ன வேலை செய்யலாம் என்று பரிந்துரைப்பது. மிச்சமெல்லாம் கடிதம், போன், நேரில் போய் உட்காருவது. இந்த மிச்சத்தை விடாமல் செய்கிறவரைத்தான் ஊரில் “வேலை செய்யற எம்.எல்.ஏ.” என்கிறார்கள்.

ரோடு விஷயத்தில் முதல் கேள்வி, அது யாருடைய ரோடு என்பது. கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, நீலமோ கறுப்போ என்றால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு என்றால் ஊரகச் சாலை. கல்லே இல்லாவிட்டால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியச் சாலையாகவோ கிராம ஊராட்சிச் சாலையாகவோ இருக்கும். நெடுஞ்சாலைத் துறை சாலைக்கு அத்துறையின் உதவிக் கோட்டப் பொறியாளர், ஒன்றியச் சாலைக்கு பி.டி.ஓ., நகராட்சிக்குள் என்றால் ஆணையர். ஊராட்சிச் சாலைக்கு மனு எழுதி நெடுஞ்சாலைத் துறையில் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் காத்திருப்பவர்கள் ஏராளம். அந்த மனு தொலைந்திருக்காது. “இச்சாலை இத்துறையின் கட்டுப்பாட்டில் இல்லை” என்ற ஒற்றை வரியோடு எப்போதோ முடித்து வைக்கப்பட்டிருக்கும்.

எங்களுடையது இட்டேரி, இரண்டு வேலிக்கு நடுவில் போகிற பாதை. தோட்டத்துச் சாளைகளுக்கு, அதாவது தோட்டத்து வீடுகளுக்கு, போகிற ஒரே வழி. அதற்குத் தார் போடலாமா?

கொங்குத் தொகுதிகளில் அதிகமாக வருவதும் அதிகமாகச் சிக்கிக்கொள்வதும் இந்தக் கோரிக்கைதான். இங்கே குடியிருப்பு ஊருக்குள் நெருக்கமாக இல்லை, ஆளுக்கொரு தோட்டத்தில் சிதறிக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட இட்டேரி நூறு வருஷமாகப் புழக்கத்தில் இருக்கலாம். ஆனால் வருவாய் ஆவணத்தில் அது மூன்றில் ஒன்றாக இருக்கும்: வண்டிப்பாதைப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, அல்லது யாரோ ஒருவரின் பட்டா.

முதலாவது என்றால் வேலை எளிது. கிராம வரைபடமும் ‘அ’ பதிவேட்டு (கிராமத்து நிலங்கள் புல எண்வாரியாக உள்ள பதிவேடு) நகலும் எடுத்து, சர்வேயரை வைத்து அளந்து, வேலி உள்ளே வந்திருந்தால் எடுக்கச் சொல்ல வேண்டும். ஓடை என்றால் நீர்நிலை, அதில் தார் போட அனுமதி வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையே வேண்டாம். பட்டா என்றால் இருபுறத்து நிலக்காரர்களும் பாதைக்கான பரப்பை ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கிராமச் சாலையின் தார்ப்பரப்பு 3 மீட்டரிலிருந்து 3.75 மீட்டர். அதற்கு இருபக்கமும் மண் ஓரம் வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு, நடுவில் உள்ள ஒருவர் பங்காளிச் சண்டையில் மறுத்தால் மொத்த வேலையும் நின்றுவிடும். அந்த ஒருவரிடம் பேசுவதற்குத்தான் எம்.எல்.ஏ.வோ ஊர்ப் பெரியவர்களோ தேவை. பணம் அப்புறம்.

தொகுதி மேம்பாட்டு நிதி 3 கோடி என்கிறார்கள். அது அவர் கையில் வருகிறதா?

ஒரு ரூபாய்கூட வராது. ஒரு நிதியாண்டுக்கு ஒரு தொகுதிக்கு 3 கோடி ரூபாய். அது மாவட்ட ஆட்சியர் வழியாக, ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கில் ஓடும் பணம். ஒரு பகுதியை அரசு சொல்லும் வகை வேலைகளுக்கே செலவிட வேண்டும், இன்னொரு பகுதிக்கு உறுப்பினர் விருப்பம்.

நடைமுறை இப்படி. உறுப்பினர் வேலையின் பெயர், இடம், உத்தேசத் தொகை எழுதி ஆட்சியருக்குக் கடிதம் கொடுப்பார். ஒன்றியத்தின் உதவிப் பொறியாளரோ பேரூராட்சி, நகராட்சிப் பொறியாளரோ இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி, பிறகு ஆட்சியரின் நிர்வாக அனுமதி, பிறகு ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு. வேலை நடக்கும்போது அளவுப் புத்தகத்தில் பதிவு (எல்லோரும் ‘எம் புக்’ என்பார்கள்), கடைசியில் பணம் கேட்கும் பட்டியல் (பில்). ஒவ்வொரு படியிலும் இரண்டு வாரம் என்றாலே கடிதம் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் ஓடிவிடும்.

இந்த நிதியில் எளிதாக நடப்பவை: பள்ளி வகுப்பறை, சுற்றுச்சுவர், அங்கன்வாடி, ரேஷன் கடைக் கட்டடம், நிழற்குடை, உயர்கோபுர விளக்கு, மேல்நிலைத் தொட்டி, கான்கிரீட் தெரு. நடக்காதவை: தனியார் இடத்தில் எதுவும், கோயில் கட்டடம், நிலம் வாங்குவது. “கோயிலுக்கு முன்னாடி மண்டபம், பொதுமக்கள் உட்காரத்தானே” என்று சுற்றி வளைத்து வரும் மனுக்களை ஆட்சியர் அலுவலகத் தணிக்கை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும்.

எங்கே கெடும்? இடம் அரசு இடமா என்று பார்க்காமல் கடிதம் கொடுப்பது முதல் காரணம். மதிப்பீட்டில் ஜி.எஸ்.டி.யைச் சேர்க்காமல் தொகை சொல்வது இரண்டாவது. மூன்றாவது, மின்கம்பம். அதை நகர்த்த மின்வாரியத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், அந்தத் தொகை மதிப்பீட்டில் இருக்காது. உயர்கோபுர விளக்கு போட்டுவிட்டு மின் கட்டணத்தை எந்த ஊராட்சி கட்டுவது என்று தீர்மானம் வாங்காததால் எரியாமல் நிற்கும் கம்பங்கள் எல்லாத் தொகுதியிலும் உண்டு.

3 கோடி பெரிதாகத் தெரியும். கவுண்டம்பாளையம் மாதிரி தொகுதியில் 2021 தேர்தலின்போது 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள். தலைக்கு 75 ரூபாய்கூட இல்லை. ஏறக்குறைய பாதி வாக்காளர் கொண்ட தொகுதிக்கும் இதே 3 கோடிதான்.

பெரிய வேலைகளுக்கு என்ன வழி? பாலம், கல்லூரி, ஆஸ்பத்திரி?

கருத்துரு. இந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ளாமல் அஞ்சு வருஷத்தை ஓட்டிவிட்டவர்கள் இருக்கிறார்கள். மாவட்டத்தில் உள்ள துறை அலுவலர் தேவையையும் இடத்தையும் செலவையும் எழுதித் துறைத் தலைமைக்கு அனுப்பும் தாள் அது. கருத்துரு மேலே போகாத கோரிக்கையைச் சட்டமன்றத்தில் எத்தனை தரம் பேசினாலும் அமைச்சர் கையில் பதில் இருக்காது. பட்ஜெட் வருவது பிப்ரவரியிலோ மார்ச்சிலோ. துறைகள் தங்கள் பட்டியலை அதற்கு முன்பே தயாரித்துவிடுகின்றன. அதனால் மார்கழிக்குள் கருத்துரு சென்னைக்குப் போயிருக்க வேண்டும். தை பிறந்தபின் எழுதுவது அடுத்த வருஷக் கணக்கு.

2022 ஆகஸ்டில் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்காக 234 உறுப்பினர்களிடமும் பத்து முக்கியக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார்கள். அந்த மாதிரிப் பட்டியலில் ஏற்கெனவே கருத்துரு உள்ள வேலையை மேலே வைப்பதுதான் புத்தி. ஊரில் கைதட்டு வாங்கும் வேலையை முதலில் எழுதி, இடமே இல்லாததால் அது அப்படியே நின்றுபோவது வழக்கமான தப்பு.

மனு எப்படி எழுதினால் வேலை நடக்கும்?

ஒரு தாளில் ஒரு விஷயம். குடிதண்ணீர், பட்டா, தெருவிளக்கு மூன்றையும் ஒரே மனுவில் எழுதினால் அது மூன்று துறைக்கு நகல் போய், மூன்று பேரும் மற்ற இருவர் பார்ப்பார்கள் என்று விட்டுவிடுவார்கள்.

ஊர்ப் பெயர் இங்கே பெரிய தொல்லை. ஒரே தாலுகாவில் புதூர் நாலு இருக்கும், வலசும் பாளையமும் அதற்கு மேல். வருவாய்க் கிராமம், ஊராட்சி, வளவு (வீடுகள் சேர்ந்த சிறு குடியிருப்பு) மூன்றையும் எழுதுங்கள். நிலம் என்றால் புல எண், உட்பிரிவு எண். மின்சாரம் என்றால் இணைப்பு எண். தோட்டத்து மோட்டார் வோல்டேஜ் இல்லாமல் ஓடவில்லை என்றால் டிரான்ஸ்பார்மரின் பெயர், அதில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்பது. முதியோர் உதவித்தொகை என்றால் முன்பு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட கடிதத்தின் நகல். நிராகரித்த காரணம் தெரியாமல் மறுபடி விண்ணப்பித்தால் மறுபடி அதே காரணம்தான் வரும்.

ஏற்கெனவே திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு என்றால் அந்த ரசீது எண் வேண்டும். ‘முதல்வரின் முகவரி’யில் பதிந்திருந்தால் அந்த எண். அலுவலகத்தில் பேசும்போது “எங்க எம்.எல்.ஏ. சொன்னாருங்க” என்பதைவிட “ந.க. எண் இன்னது, நாள் இன்னது” என்று கோப்பு எண்ணைச் சொல்வது சீக்கிரம் வேலை செய்யும். இதைச் சொன்னால் பலருக்கு வருத்தம், ஆனால் உண்மை அதுதான்.

தொகுதி அலுவலகத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஆள் கூட்டம் தேவையில்லை. தட்டச்சு தெரிந்த ஒருவர், துறை அலுவலகங்களுக்கு நடக்க ஒருவர், போன் எடுக்க ஒருவர். போன் எடுப்பவர் “அண்ணன் வெளியூருங்க” என்று மட்டும் சொல்லி வைக்காத ஆளாக இருக்க வேண்டும். பேர், ஊர், விஷயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

முக்கியமானது மனுப் பதிவேடு. தேதி, பெயர், ஊரும் வளவும், கைபேசி, பொருள், எந்தத் துறை, அனுப்பிய நாள், அங்கிருந்து வந்த ந.க. எண், அடுத்து விசாரிக்க வேண்டிய நாள், முடிவு. இதில் ‘அடுத்து விசாரிக்க வேண்டிய நாள்’ என்ற கட்டம் இல்லாத பதிவேடு வெறும் வரவேற்புப் புத்தகம். முடியாத வேலையை முடியாது என்று இரண்டு வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். “பார்க்கலாமுங்க” என்று ஒரு வருஷம் அலைய விட்டவரை அந்த ஊர் மறக்காது. கொங்கு மக்கள் முகத்துக்கு நேரே மரியாதையாகத்தான் பேசுவார்கள், கோபத்தை ஓட்டுப் பெட்டிக்கு வைத்துக்கொள்வார்கள்.

பரிந்துரைக் கடிதம் எதற்கெல்லாம் செல்லும்?

ஆதார் முகவரிக்கு எம்.எல்.ஏ. சான்று தருவதென்றால் ஆதார் நிறுவனத்தின் படிவத்தில்தான் தர வேண்டும், லெட்டர்பேடில் அல்ல. போட்டோவின் மேல் கையெழுத்தும் முத்திரையும் பாதி படத்தில், பாதி தாளில் விழ வேண்டும். கையெழுத்திட்ட நாளிலிருந்து 3 மாதம்வரை செல்லும். தேதி போடாமல் கையெழுத்து வாங்கிப் போவதால் மையத்தில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு.

மருத்துவச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம்வரை. இதற்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டியதில்லை. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டு ஆட்சியர் அலுவலக மையத்தில் அட்டை எடுத்தால் போதும். ஆஸ்பத்திரியில் படுத்தபின் அட்டைக்கு ஓடுவதுதான் எல்லோரும் செய்வது. உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

அரசு வேலைக்கு எம்.எல்.ஏ. கடிதம் செல்லாது. செல்லும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் அவர் புரோக்கர்.

ஒரு நாள் எப்படிப் போகிறது?

முகூர்த்த நாள் என்றால் விடியற்காலை நாலரை மணிக்கே தொடங்கும். நம் பக்கம் முகூர்த்தம் விடியலில், வரவேற்பு முதல் நாள் மாலையில். அனுபவப்பட்ட உதவியாளர் கல்யாணப் பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்கமாட்டார், சாலைவாரியாக அடுக்குவார். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வழியில் உள்ளவை ஒரு கட்டு, தாராபுரம் பக்கம் ஒரு கட்டு. ஒரு வழியில் மாலை வரவேற்புகளை முடித்தால் இன்னொரு வழியில் விடியல் முகூர்த்தங்கள்.

கல்யாணமும் எழவும் ஒரே நாளில் வந்தால் கல்யாணம் முதலில். துக்கம் கேட்டுவிட்டு வந்தவர் தலைக்குக் குளிக்காமல் மண்டபத்துக்குள் நுழைந்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கல்யாணத்துக்குப் போகாததை மன்னிப்பார்கள், எழவுக்கு வராததை மன்னிக்கமாட்டார்கள். அன்றைக்கு முடியாவிட்டால் கருமாதிக்குள் ஒரு நடை போய் வந்துவிட வேண்டும்.

மொய் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒரே அளவாக எல்லோருக்கும் வைப்பது நல்லது. பணக்கார வீட்டில் அதிகம், காட்டு வேலைக்காரர் வீட்டில் குறைவு என்று எழுதினால் மொய் நோட்டு பேசிவிடும்.

ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அந்த மூன்று மாதம்தான் துறை அலுவலகங்களில் உட்கார்ந்து கோப்பு பார்க்கக் கிடைக்கும் நேரம். ஆடியில் நோம்பிகள் (ஊர்த் திருவிழாக்கள்) வரும், பாதி அங்கே போய்விடும்.

சென்னைக்குப் போய் அங்கே என்னதான் செய்கிறார்கள்?

கூட்டத்தொடர் நாளுக்கு முதல் இரவு ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி, கோவையிலிருந்து சேரன், ஈரோட்டிலிருந்து ஏற்காடு. காலையில் ஓமந்தூரார் தோட்டத்து விடுதி, குளியல், கோட்டை.

வருஷத்தின் முதல் கூட்டம் ஆளுநர் உரையோடு தொடங்கும். பிறகு பட்ஜெட், அதன்பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை (அந்தத் துறைக்கான பணத்துக்கு அவையின் ஒப்புதல் கேட்பது). தினமும் முதலில் வினா விடை நேரம். வாய்மொழிப் பதில் கேட்கும் வினாவை முன்கூட்டியே எழுதிச் சட்டமன்றச் செயலகத்தில் கொடுக்க வேண்டும். எல்லாம் எடுக்கப்படாது. உங்கள் வினா வராவிட்டாலும், அதே துறை வினா வரும்போது பேரவைத் தலைவர் அனுமதித்தால் துணை வினா கேட்கலாம். தொகுதிப் பெயர் பதிவாவதற்கு எளிய வழி இதுதான். அவசர விஷயத்துக்குக் கவன ஈர்ப்பு, மானியத்தில் எதிர்ப்பைக் காட்ட வெட்டுத் தீர்மானம். 110-வது விதியின்கீழ் அமைச்சர் அறிக்கை படித்தால் அதன்மேல் விவாதம் கிடையாது.

துணை வினாவை எப்படிக் கேட்பது என்பதில் இருக்கிறது வித்தை. “என் தொகுதிக்கு ஒரு பாலம் கட்டித் தருவீர்களா” என்றால் “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்று வரும். அதோடு முடிந்தது. “மதிப்பீடு அனுப்பி இத்தனை மாதமாகிறது, இந்த நிதியாண்டில் எடுக்கப்படுமா” என்று கேட்டால் அமைச்சர் ஆமாம் அல்லது இல்லை என்றாக வேண்டும். “ஆவன செய்யப்படும்” என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. உறுதிமொழிக் குழு அதைக் கையில் எடுத்துத் துறையிடம் என்ன ஆயிற்று என்று கேட்க முடியும். அவைக் குறிப்பில் அந்த வரி இருக்கும் பக்கத்தை நகல் எடுத்துத் தொகுதி அலுவலகத்தில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. வைத்திருக்க வேண்டும்.

பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, மனுக்கள் குழு இவற்றில் இடம் கிடைத்தால் விடக்கூடாது. குழுவுக்கு முன் துறைச் செயலர் வந்து உட்கார்ந்து பதில் சொல்வார். அவையில் கிடைக்காத நேரம் அங்கே கிடைக்கும்.

வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் எம்.எல்.ஏ. என்ன செய்ய முடியும்?

மதகு திறக்கும் நாளில் பூ போடுவதற்கு மேல் நிறைய இருக்கிறது.

கீழ்பவானிப் பாசனம் 2,07,000 ஏக்கர். பவானிசாகரிலிருந்து வழக்கமாக ஆகஸ்ட் 15-ல் ஒரு போகத்துக்கு 1,03,500 ஏக்கருக்கு நஞ்சைத் தண்ணீர், மறுபாதிக்கு அடுத்த முறை. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று மாறி மாறி வரும். திறப்பு ஆணை நீர்வளத் துறையின் அரசாணை. எத்தனை நாள், எத்தனை டி.எம்.சி. என்பது அதில் எழுதியிருக்கும். விவசாயிகள் கடிதம் செயற்பொறியாளர் வழியாகக் கோவைத் தலைமைப் பொறியாளருக்கும் அங்கிருந்து சென்னைக்கும் போக வேண்டும். அணையில் நீர் இருந்தும் ஆணை தள்ளிப்போனால் நாற்று முற்றிவிடும். அந்த ஒரு வாரம் தலைமைச் செயலகத்தில் கோப்பின் பின்னால் நிற்பது எம்.எல்.ஏ. வேலை.

வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் விவகாரத்தில் எந்த எம்.எல்.ஏ.வும் இரண்டு பக்கத்திலும் நல்ல பெயர் வாங்கியதில்லை. கசிவால் கிணறு ஊறுகிற மேல்பகுதிக்காரர்கள் வேண்டாம் என்பார்கள், தண்ணீர் எட்டாத கடைமடைக்காரர்கள் வேண்டும் என்பார்கள். இருவர் சொல்வதும் அவரவர் தோட்டத்தில் உண்மை.

பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனத்தில் நாலு மண்டலம், முறை வைத்துத்தான் தண்ணீர். வெள்ளகோவில் கிளைக்கு வந்து சேர்வதற்குள் அளவு குறைகிறது என்பது பழைய குறை. வாய்க்கால் ஓரத்துக் கிணறுகளுக்கு இழுக்கும் குழாய்களை எடுக்கச் சொன்னால், எடுக்கப்படுவது சொந்தக் கட்சிக்காரர் குழாயாக இருக்கும். சோதனை அங்கேதான்.

அத்திக்கடவு - அவினாசித் திட்டத்தைப் புரிந்துகொள்ளாமல் பேசுகிறவர்கள் அதிகம். 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைக்கப்பட்ட அது 1,045 குளம் குட்டைகளுக்கான திட்டம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரியில் வினாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுப்பதாகக் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 1.5 டி.எம்.சி. பவானியில் உபரி வராத வருஷம் நீரேற்று நிலையம் ஓடாது. “எங்க குளத்துக்கு ஏன் வரலை” என்ற மனு வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை: குளம் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் இருந்தால் கடைசிக் குழாயில் வால்வு திறக்கிறதா, உடைப்பு இருக்கிறதா. பட்டியலில் இல்லை என்றால் அது வேறு கோரிக்கை, விடுபட்ட குளங்களுக்கான கருத்துருவில் சேர வேண்டும்.

விசைத்தறிக் கூலிப் பேச்சில் எம்.எல்.ஏ. தலையிட்டால் பலன் உண்டா?

ஓரளவு. பல்லடம், சோமனூர், அவினாசி பக்கம் பெரும்பாலான தறிக்காரர்கள் சொந்தமாகத் துணி விற்பதில்லை. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் தருவார், நெய்து கொடுத்தால் கூலி. கூலி உயர்வை மாவட்ட நிர்வாகம் முன்னிலையிலோ அமைச்சர் முன்னிலையிலோ பேசி முடிப்பார்கள், கையெழுத்தும் ஆகும். சில மாதத்தில் சந்தை மந்தம் என்று பழைய கூலிக்கு இறங்கிவிடுவார்கள். 2022-லும் 2025-லும் தறிகள் வாரக்கணக்கில் நின்றது இதனால்தான். ஒப்பந்தத்துக்குச் சட்டப் பிடிப்பு வேண்டும் என்பது தறிக்காரர்களின் நீண்ட நாள் கோரிக்கை, அது சட்டமன்ற வேலை. பேச்சுவார்த்தையில் இரு தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதும், கையெழுத்தான தாளின் நகல் தொழிலாளர் துறையில் இருக்கிறதா என்று பார்ப்பதும் உறுப்பினர் செய்யக்கூடியவை. ஜவுளி உற்பத்தியாளரிடம் நன்கொடை வாங்கியவர் அந்த மேசையில் உட்காராமல் இருப்பது மேல்.

சம்பளம் எவ்வளவுங்க?

2017-ல் மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆயிற்று. அதில் சம்பளம் என்பது 30,000-தான். தொகுதிப் படி 25,000, வாகனப் படி 25,000, மிச்சம் ஈட்டுப்படி, தொலைபேசி, தபால் போன்றவை. நல்ல முகூர்த்த மாதத்தில் டீசலும் மொய்யுமே இதைத் தாண்டிவிடும். அதனால்தான் சொந்தத் தொழிலோ தோட்டமோ இல்லாதவர் இங்கே நிற்கத் தயங்குகிறார். மிச்சச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று வாக்காளர்கள் கேட்பதில்லை, கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: மாநில அரசோடு நடப்பில் உள்ள ஒப்பந்தம் தன் பேரில் இருந்தால் பதவிக்கே ஆபத்து. நம் பக்கம் ஒப்பந்தக்காரர்களாக இருந்து அரசியலுக்கு வருகிறவர்கள் அதிகம். மனுத்தாக்கலுக்கு முன் வக்கீலிடம் காட்டுங்கள்.

எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வால் எதுவுமே நடக்காதா?

குறைவாக நடக்கும். மேம்பாட்டு நிதி எல்லோருக்கும் ஒன்றே. அதற்கு மேல் உள்ள வேலைகளில் ஆளுங்கட்சி மாவட்டச் செயலாளர் சொல்வது முன்னால் நிற்கும், எந்தக் கட்சி ஆண்டாலும் அப்படித்தான். எதிர்க்கட்சிக்காரர் அவையில் வினா, குழு, தகவல் உரிமை மனு, கிராமசபைத் தீர்மானம் இவற்றைப் பயன்படுத்த வேண்டும். கிராமசபை வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நகலோடு வரும் கோரிக்கையை அலுவலர் ஒதுக்குவது கொஞ்சம் கடினம்.

நிற்க வேண்டுமென்றால் என்ன வேண்டும்?

25 வயது, வாக்காளர் பட்டியலில் பெயர். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும், மற்றவர்களுக்கு அதே தொகுதியைச் சேர்ந்த பத்துப் பேர். மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு. செலவு உச்சவரம்பு 40 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்காவிட்டால் 3 வருஷம்வரை தகுதியிழப்பு வரலாம், தோற்றவர்களுக்கும்தான். உறுதிமொழிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, ஒன்றும் இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும்.

டெபாசிட் உயர்ந்த கதையில் நம் பக்கத்துப் பங்கு உண்டு. 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள், வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சாயிற்று, தேர்தலும் தள்ளிப்போனது. அப்போது டெபாசிட் 250 ரூபாய்.

அதே மொடக்குறிச்சியில் 2021-ல் வெற்றி வித்தியாசம் 281. தாராபுரத்தில் 1,393. கோவை தெற்கில் 1,728. 281 ஓட்டு என்பது சில வளவுகள். ஓட்டுக்குப் பணம் கொடுத்தால் இதெல்லாம் தாண்டிவிடும் என்று நினைக்கிறவர்கள் 2016-ல் அரவக்குறிச்சித் தேர்தல் பணப் பட்டுவாடாவால் நிறுத்தப்பட்டு நவம்பரில்தான் நடந்ததை நினைக்கலாம்.

பதவி எப்போது போகும்?

இரண்டு வருஷமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை தீர்ப்பானால். அனுமதியின்றி 60 நாள் கூட்டத்துக்கு வராமலிருந்தால் அவை இடத்தைக் காலியாக அறிவிக்கலாம். கொறடா உத்தரவை மீறினாலும், கட்சியிலிருந்து தானாக விலகியதாகக் கருதப்பட்டாலும். 2017 செப்டம்பரில் அன்றைய பேரவைத் தலைவர், அவினாசி உறுப்பினர் ப. தனபால், 18 பேரைத் தகுதி நீக்கினார். அரவக்குறிச்சி அதில் ஒன்று.

இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல். ஈரோடு கிழக்கில் ஒரே பேரவைக் காலத்தில் 2023 பிப்ரவரியிலும் 2025 பிப்ரவரியிலும் இரண்டு முறை நடந்தது.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் அலுவலகம் பூட்டப்படுமா?

ஆமாம். எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குச் சீல் வைப்பார்கள், வேண்டிய தாள்களை முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். நடந்துகொண்டிருக்கும் வேலை தொடரலாம். வேலை உத்தரவு கையில் இருந்தும் இடத்தில் தொடங்காதது தேர்தல் முடியும்வரை தொடங்கக் கூடாது. கடைசி வருஷத்தின் மேம்பாட்டு நிதிக் கடிதங்களை ஆனி, ஆடிக்குள் கொடுத்துவிட்டால் தைக்குள் கடைக்கால் தோண்டியிருப்பார்கள். மாசியில் பூமி பூஜை போட்டு, பந்தல் பிரிப்பதற்குள் அறிவிப்பு வந்து, பூசிய செங்கல் மட்டும் அங்கேயே கிடக்கும் இடங்களை எந்தத் தொகுதியிலும் பார்க்கலாம்.